விசாவும் சாதியும்: அமெரிக்காவில் பணிபுரியச் செல்லும் தலித்துகள் அறிந்திருக்க வேண்டியவை

அண்ணல் அம்பேத்கர் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்புகளின் தலைப்பு 'விசாவுக்காகக் காத்திருத்தல்'. அயல்நாட்டு விசா எதுவும் அதில் பேசப்படவில்லை. 1901இல் தந்தையைக் காணப் பயணம் சென்ற சிறுவனுக்கு வழிநெடுகத் தண்ணீர் மறுக்கப்பட்டது. கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்று திரும்பிய அறிஞருக்கு 1917இல் பரோடாவில் தங்குவதற்கு இடம் கிடைக்கவில்லை. 1934இல் தௌலதாபாத் கோட்டைக் குளத்து நீரைத் தொட்டதற்காகக் கூட்டம் சூழ்ந்துகொண்டது. பிறந்த மண்ணிலேயே நுழைவதற்கு அனுமதி கோரி நிற்கும் மக்களின் நிலையைத்தான் அத்தலைப்பு சுட்டியது.

இன்று தலித் இளைஞர்கள் பலர் உண்மையிலேயே விசா பெற்று அமெரிக்கா செல்கின்றனர். கடல் கடந்தால் சாதி கழன்றுவிடும் என்ற நம்பிக்கையும் உடன் செல்கிறது. அங்கே அவர்களுடைய மேலாளர் ஓர் ஆதிக்கச் சாதி இந்தியராக இருக்கக்கூடும். அவர் கையெழுத்தில் ஊதியம் மட்டுமின்றி, அந்நாட்டில் தங்கும் உரிமையும் அடங்கியிருக்கிறது. சாதிப் பாகுபாட்டை எதிர்த்துப் பேசுவதன் விலையை உயர்த்துவது இந்தப் பிணைப்பே. அதை எந்தெந்த விதிகள் தளர்த்துகின்றன என்பதை விமானம் ஏறுவதற்கு முன்பே அறிந்திருக்க வேண்டும்.

விசா யார் கையில் இருக்கிறது?

கணினித் துறையினர் பெரும்பாலும் செல்லும் வழி எச்-1பி விசா. 1990ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் இதை உருவாக்கியது. ஆண்டுக்கு 65,000 இடங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டமோ அதற்கு மேலோ பெற்றவர்களுக்குக் கூடுதலாக 20,000 இடங்கள். பல்கலைக்கழகங்களுக்கும் அவற்றைச் சார்ந்த ஆய்வு நிறுவனங்களுக்கும் இந்த வரம்பு இல்லை. ஒப்புதல் பெறும் மனுக்களில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டவை இந்தியர்களுக்கானவை. 2025 செப்டம்பரில் வெளியான குடியரசுத் தலைவர் பிரகடனம், அமெரிக்காவுக்கு வெளியே இருப்போருக்கான புதிய மனுக்களுக்கு ஒரு இலட்சம் டாலர் கட்டணம் விதித்தது. இதனால், அங்கே ஏற்கெனவே வேலையில் இருப்பவர் அதை இழப்பதற்கு இன்னும் அஞ்ச வேண்டிய நிலை உருவாகியுள்ளது.

இந்த விசாவுக்கு மனுதாரர் நிறுவனமே. தொழிலாளி அந்த மனுவின் பயனாளி மட்டுமே. முதலில் மூன்று ஆண்டுகள், பொதுவாக ஆறு ஆண்டுகள் வரை தங்கலாம். அதற்குமேல் நீடிக்கக் கிரீன் கார்டு நடைமுறை தொடங்கியிருக்க வேண்டும். அதையும் பெரும்பாலும் நிறுவனமே தொடங்க வேண்டும். ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு ஆண்டு ஒதுக்கீட்டில் 7 விழுக்காட்டுக்கு மேல் வழங்கக் கூடாது என்ற வரம்பினால் இந்தியர்களின் வரிசை பல ஆண்டுகளாக நீள்கிறது. அத்தனை ஆண்டுகளும் மேலாளரின் மதிப்பீட்டுக்கு அஞ்சியே வாழ நேர்கிறது.

நிறுவனத்தின் இந்தியக் கிளையிலிருந்து மாற்றப்படுவோர் எல்-1 விசாவில் செல்கின்றனர். இதன் பிணைப்பு இன்னும் இறுக்கமானது. இதே விசாவில் இருந்தபடி தொடர்பற்ற வேறு நிறுவனத்துக்கு மாற முடியாது. எச்-1பிக்கு உள்ள ஊதிய உறுதிமொழியும் இதற்கு இல்லை. எல்-1, எச்-1பி இரண்டையும் அளிக்கக்கூடிய நிறுவனத்தில் பணியாற்றுவோர் இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டு கேட்க வேண்டும்.

மாணவர்கள் எஃப்-1 விசாவில் சென்று, படிப்பு முடிந்ததும் ஓ.பி.டி. எனப்படும் 12 மாதப் பணிப் பயிற்சி அனுமதி பெறுகின்றனர். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் பட்டதாரிகளுக்கு மேலும் 24 மாதங்கள் நீட்டிப்பு உண்டு. முதல் கட்டத்தில் மொத்தம் 90 நாட்களுக்கு மேல் வேலையின்றி இருக்கக் கூடாது. நீட்டிப்பையும் சேர்த்தால் 150 நாட்கள். ஈடு வைக்க நிலமில்லாத குடும்பத்திலிருந்து கல்விக் கடன் வாங்கிச் சென்ற மாணவருக்கு இந்த நாட்கணக்கு கூடுதல் சுமையாகும்.

சாதி எவ்வாறு துருவப்படுகிறது?

1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானித்தது. அம்மரபின் பயனாகத் தமிழர்கள் பெயரோடு தந்தையின் முன்னெழுத்தையே இணைக்கின்றனர். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாக இருந்தால், அமெரிக்க விசாவில் நம் பெயர் குடும்பப் பெயராகிவிடும். இயற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.', அதாவது முதற்பெயர் அறியப்படவில்லை என அச்சாகும். வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம், சமூகப் பாதுகாப்பு எண் ஆகியவற்றில் இது தொடர் குழப்பத்தை உண்டாக்கும். விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே கடவுச்சீட்டில் இரு கட்டங்களையும் நிரப்பிக்கொள்வது நன்று.

பெயரில் சாதி தெரியாததால் கேள்விகள் வேறு வழியில் வருகின்றன. எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு, குலதெய்வம் எது, வீட்டில் இறைச்சி உண்பதுண்டா, நுழைவுத் தேர்வில் எத்தனையாவது இடம், எந்தப் பிரிவில் இடம் கிடைத்தது என்று மதிய உணவு மேசையில் விசாரணை நடக்கிறது. நட்பாகத் தட்டுவதுபோல் தோளைத் தடவிப் பூணூல் உள்ளதா என்று பார்ப்பதும் பலர் பதிவு செய்துள்ள அனுபவம். வாடகை வீட்டைப் பகிர்ந்துகொள்ள ஆள் தேடும் அறிவிப்புகளில் 'சைவ உணவினர் மட்டும்' என்ற நிபந்தனை பல நேரங்களில் சாதி வடிகட்டியாகச் செயல்படுகிறது. புதிதாகச் செல்பவருக்கு அந்நாட்டில் கடன் வரலாறு இருக்காது. எனவே தனி வீடு கிடைப்பது கடினம். அறை, அறிமுகம், வேலைப் பரிந்துரை அனைத்துக்கும் இந்தியர் வலைப்பின்னலையே சார்ந்திருக்க நேர்கிறது. சாதியை மறைத்து வாழும் மன அழுத்தம் இங்கேதான் தொடங்குகிறது.

ஈக்வாலிட்டி லேப்ஸ் அமைப்பு 2018இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்ற தலித்துகளில் 67 விழுக்காட்டினர் பணியிடத்தில் சாதியால் நியாயமற்று நடத்தப்பட்டதாகக் கூறினர். தாமாக முன்வந்து பதிலளித்தோரிடம் எடுக்கப்பட்ட கணக்கு என்பதால், இதை மொத்த மக்கள்தொகைக்கும் பொருத்த இயலாது. ஆயினும், அதுவரை பேசப்படாத ஒன்றை அது பொதுவெளிக்குக் கொண்டுவந்தது.

சிஸ்கோ வழக்கு உணர்த்துவது

2020 ஜூன் 30 அன்று, கலிபோர்னியா மாநிலத்தின் குடியுரிமைத் துறை சிஸ்கோ நிறுவனத்தின் மீதும் அதன் இரு மேலாளர்கள் மீதும் வழக்குத் தொடுத்தது. தலித் பொறியாளர் ஒருவர் ஐ.ஐ.டி.யில் இடஒதுக்கீட்டில் சேர்ந்தவர் என்பதை மேலாளர் சக ஊழியர்களிடம் வெளிப்படுத்தினார் என்றும், அதை எதிர்த்து முறையிட்ட பின் பொறியாளரின் பொறுப்புகள் குறைக்கப்பட்டன என்றும் அரசு குற்றம் சாட்டியது. சாதிப் பாகுபாடு சட்டவிரோதமன்று என நிறுவனத்தின் உள் விசாரணைப் பிரிவு கருதியதாகவும் மனு கூறியது. நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. 2023 ஏப்ரலில் மேலாளர்கள் இருவர் மீதான வழக்கை அரசே திரும்பப் பெற்றது. நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது.

இவ்வழக்கில் 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு பரவலாக அறியப்படவில்லை. பொறியாளரின் பெயரை மறைத்து வழக்கு நடத்துவது குறித்து முடிவெடுக்கும்போது, கலிபோர்னியாவுக்கு வெளியே வாழும் அவருடைய குடும்பத்தினருக்கு நேரக்கூடிய தீங்கையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று அது கூறியது. சாதி எல்லை கடந்து இயங்கும் என்பதற்குச் சட்டம் அளித்த முக்கியமான ஒப்புதல் இது.

சட்டத்தின் இன்றைய நிலை

அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தில் 'சாதி' என்ற சொல் தனியாக இடம்பெறவில்லை. 1964ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் ஏழாம் தலைப்பு இனம், நிறம், மதம், பால், தேசியத் தோற்றம் ஆகியவற்றின் பெயரால் பணியிடப் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்கிறது. 15 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்களுக்கு இது பொருந்தும். சாதியை இவற்றுள் அடக்கியே வாதிட வேண்டியுள்ளது.

2019 டிசம்பரில் பிராண்டைஸ் பல்கலைக்கழகமும், 2022 சனவரியில் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகமும் தம் விதிகளில் சாதியைச் சேர்த்தன. 2023 பிப்ரவரி 21 அன்று சியாட்டில், சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்த முதல் அமெரிக்க நகரமானது. அதே ஆண்டு செப்டம்பரில் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரமும் இணைந்தது. கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய எஸ்.பி. 403 மசோதாவை ஆளுநர் கவின் நியூசம் 2023 அக்டோபரில் நிராகரித்தார். வமிசாவளி உள்ளிட்ட பிரிவுகளின் கீழ் சாதிப் பாகுபாடு ஏற்கெனவே தடைசெய்யப்பட்டுள்ளது என்பதே அவர் கூறிய காரணம். அந்த நிராகரிப்பு இயக்கத்துக்கு இழப்புதான். எனினும், இருக்கும் சட்டமே போதும் என்று ஆளுநர் எழுத்தில் கூறியுள்ளதை, அங்கு முறையிடும் எவரும் எடுத்துக்காட்டலாம்.

பிணைப்பைத் தளர்த்தும் விதிகள்

வேலை பறிபோன மறுநாளே நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்பது பரவலான அச்சம். 2017 சனவரி முதல் நடைமுறையில் உள்ள விதி, எச்-1பி, எல்-1 தொழிலாளர்களுக்கு அதிகபட்சம் 60 நாட்கள் அவகாசம் அளிக்கிறது. அனுமதிக்கப்பட்ட தங்கும் காலம் அதற்கு முன்பே முடிந்தால் அவகாசமும் அத்துடன் முடியும். இந்நாட்களுக்குள் வேறு நிறுவனம் மனு அளிக்கலாம்; வேறு விசா நிலைக்கு மாறவும் விண்ணப்பிக்கலாம். தங்கும் காலம் முடியுமுன் நிறுவனமே எச்-1பி தொழிலாளியைப் பணிநீக்கம் செய்தால், தாயகம் திரும்பும் நியாயமான பயணச் செலவையும் அதுவே ஏற்க வேண்டும்.

குலுக்கல் வழியாக எச்-1பி பெற்றவர் வேறு நிறுவனத்துக்கு மாறப் பொதுவாக மீண்டும் குலுக்கலில் பங்கேற்க வேண்டியதில்லை. புதிய நிறுவனத்தின் மனு முறையாகச் சமர்ப்பிக்கப்பட்டதுமே அங்கே பணியைத் தொடங்கலாம். பழைய மேலாளரின் இசைவு தேவையில்லை.

கிரீன் கார்டு நடைமுறையில் ஐ-140 மனு ஒப்புதல் பெற்று 180 நாட்கள் கடந்துவிட்டால், நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றாலும் வரிசையில் பெற்ற நாள் பறிபோகாது. பொதுவாக, ஆறு ஆண்டுகளுக்கு மேல் எச்-1பியை நீட்டிக்கவும் அந்த ஒப்புதல் பயன்படும். பாகுபாட்டை எதிர்த்து எப்போது வெளிப்படையாகப் பேசுவது என்று எண்ணுவோருக்கு இந்த 180 நாட்கள் முக்கியமான எல்லைக்கோடு. எனவே ஐ-140 ஒப்புதல் அறிவிப்பின் படியைக் கேட்டு வாங்கி வைத்திருக்க வேண்டும்.

எச்-4 விசாவில் உடன் செல்லும் வாழ்க்கைத் துணைவர், 2015 முதல், ஐ-140 ஒப்புதல் போன்ற குறிப்பிட்ட நிலைகளில் மட்டுமே பணி அனுமதி பெற முடியும். ஒருவரின் வேலையையே குடும்பம் முழுவதும் நம்பியிருக்கும் காலம் எவ்வளவு என்பதை இது தீர்மானிக்கிறது.

ஊதியத்திலும் தெளிவு வேண்டும். எச்-1பி நிறுவனம் தொழிலாளர் துறையிடம் உறுதிமொழி விண்ணப்பம் அளிக்கிறது. அதில் பணியிடமும் ஊதியமும் குறிக்கப்பட்டிருக்கும். அதன் படி தொழிலாளிக்குத் தரப்பட வேண்டும். திட்டப்பணி இல்லை என்று கூறி ஊதியமின்றிக் காக்க வைப்பது விதிமீறல். எச்-1பி மனுவுக்கான வழக்குரைஞர் கட்டணத்தை ஊதியத்திலிருந்து கழிப்பதும் அவ்வாறே. மீறல் நடந்த 12 மாதங்களுக்குள் தொழிலாளர் துறையின் ஊதிய, பணிநேரப் பிரிவில் டபிள்யூ.எச்-4 படிவம் மூலம் முறையிடலாம். அதற்காகப் பழிவாங்கப்பட்டு விசா நிலை பாதிக்கப்பட்டால், அதைச் சிறப்புச் சூழலாகக் கருதுமாறு குடியேற்றத் துறையிடம் கோரவும் விதியில் இடமுண்டு.

முறையிடும் முன்

நடந்தவற்றை நாள், நேரம், இடம், சொன்ன சொல், உடனிருந்தோர் ஆகிய விவரங்களுடன் அன்றன்றே எழுதிவைக்க வேண்டும். குறிப்பேடு அலுவலகக் கணினியில் இருக்கக் கூடாது. பணிநீக்கத்தன்று அக்கணினி கையை விட்டுப் போய்விடும். அதேவேளை நிறுவனத்தின் இரகசியக் கோப்புகளைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்புவதும் கூடாது. அது நிறுவனத்துக்கு ஆயுதமாகும். கலிபோர்னியாவில் அனைவரின் இசைவுமின்றி அந்தரங்க உரையாடலை ஒலிப்பதிவு செய்வது குற்றம்.

மனிதவளத் துறையிடம் வாய்மொழியாக அன்றி எழுத்தில் முறையிட வேண்டும். 'சாதி' என்பதோடு நின்றுவிடாமல் வமிசாவளி, தேசியத் தோற்றம், மதம் ஆகிய சட்டச் சொற்களையும் பொருந்துமிடத்தில் சேர்க்க வேண்டும். முறையிட்டதற்காகப் பழிவாங்குவது தனிக் குற்றச்சாட்டாகும். மூலப் புகார் நிரூபிக்கப்படாவிட்டாலும் அது நிலைபெறக்கூடும். கூட்டரசின் சமவேலைவாய்ப்பு ஆணையத்தில் புகார் அளிக்க 180 நாட்கள், மாநிலச் சட்டமும் முகமையும் உள்ள இடங்களில் 300 நாட்கள் என்று கெடு உண்டு. கலிபோர்னியாவின் குடியுரிமைத் துறையில் பணியிடப் புகாருக்கான கெடு மூன்று ஆண்டுகள். நிறுவனத்தின் குடியேற்ற வழக்குரைஞர் நிறுவனத்துக்காகவும் பணியாற்றுபவர் என்பதால், தனியே ஒரு வழக்குரைஞரை அணுகுவதே பாதுகாப்பு.

கணினித் துறைக்கு அப்பால்

2021 மே மாதம் நியூ ஜெர்சியின் ராபின்ஸ்வில் நகரில் சுவாமிநாராயண் கோயிலைக் கட்டிய தொழிலாளர்கள் கூட்டரசு நீதிமன்றத்தை நாடினர். மதப் பணியாளருக்கான ஆர்-1 விசாவில் அழைத்துவரப்பட்டு, மணிக்கு ஏறத்தாழ 1.20 டாலருக்குக் கட்டுமான வேலை வாங்கப்பட்டதாகவும், கடவுச்சீட்டுகள் பறித்துவைக்கப்பட்டதாகவும் அவர்கள் கூறினர். அவர்களில் பலர் தலித்துகள். கோயில் அமைப்பு இவற்றை மறுத்தது. கூட்டரசின் குற்றவியல் விசாரணை 2025இல் குற்றச்சாட்டின்றி முடிக்கப்பட்டது. இருப்பினும் புறப்படும் எவரும் மனத்தில் கொள்ள வேண்டிய பாடம் ஒன்று இதில் உண்டு. விசாவில் குறித்துள்ள வேலையும் செய்யப்போகும் வேலையும் ஒன்றுதானா என்பதைப் புறப்படும் முன் எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். கடவுச்சீட்டை எந்த முதலாளியிடமும் ஒப்படைக்கக் கூடாது.

தனி மனிதர் இத்தனை விதிகளையும் அறிந்திருந்தாலும் தனியாக நின்று போராடுவது கடினம். சியாட்டிலிலும் கலிபோர்னியாவிலும் சட்டத்தை அசைத்தது, தம் அடையாளத்தை வெளிப்படுத்தி அவைகளில் சாட்சியம் கூறியவர்களின் துணிவு. அத்துணிவை எல்லோரிடமும் எதிர்பார்ப்பது நியாயமாகாது; மறைந்து வாழ்வதும் ஒரு தற்காப்பே. வெளிப்படுவதா, காத்திருப்பதா என்பதைப் பாதிக்கப்பட்டவரே முடிவு செய்ய வேண்டும். மேலே கூறிய நாட்களையும் ஆவணங்களையும் அறிந்திருந்தால், அந்த முடிவு அச்சத்தால் எடுக்கப்பட்டதாக இராது.