நீல் லவிங்: கறுப்பின வானூர்திப் பொறியாளரும் அவர் குடியேறிய சிற்றூரும்

வானூர்தி வடிவமைப்பாளர், பந்தய விமானி, பயிற்றுநர், ஆய்வுப் பொறியாளர் எனப் பல நிலைகளில் இயங்கிய நீல் லவிங் (1916–1998), அமெரிக்கக் கறுப்பினத்தவரின் அறிவியல் வரலாற்றில் ஒரு முன்னோடி. டெட்ராய்ட் நகரில் பிறந்த அவர், வாழ்வின் பிற்பகுதியை ஒஹாயோ மாநிலத்தின் யெல்லோ ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூரில் கழித்தார். அவருடைய திறமையைப் போற்றுவோர் அந்த ஊரின் வரலாற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

வானூர்தித் துறை கறுப்பினத்தவருக்குப் பெரிதும் அடைபட்டிருந்த காலத்தில், லவிங் தமக்கான நிறுவனங்களைத் தாமே கட்டினார். ஏர்ஸ்லி டெய்லர் என்ற பெண் விமானியுடன் இணைந்து 1941இல் கிளைடர் தயாரிக்கும் நிறுவனத்தைத் தொடங்கினார். போர்க்காலத்தில் இருவரும் குடிமக்கள் வான்காவல் அமைப்பில் கறுப்பினத்தவரின் பிரிவு ஒன்றை உருவாக்கினர். 1944இல் கிளைடர் விபத்தில் லவிங் இரு கால்களையும் இழந்தார். செயற்கைக் கால்களுடன் மீண்டும் பறந்ததோடு, போருக்குப் பின் டெய்லருடன் விமானப் பயிற்சிப் பள்ளியும் நடத்தினார். தாமே வடிவமைத்துக் கட்டிய ஒற்றை இருக்கைப் பந்தய விமானத்தை 1950இல் பறக்கவிட்டார். பின்னர் அதிலேயே டெட்ராய்டிலிருந்து ஜமைக்கா வரை சென்றார். பந்தய விமானி உரிமம் பெற்ற முதல் கறுப்பினத்தவரும் அவரே.

எனினும், பொறியியல் பட்டம் 1961இல்தான், 45ஆம் வயதில் கிட்டியது. அதே ஆண்டு டேட்டனுக்கு அருகிலுள்ள ரைட்-பேட்டர்சன் விமானப்படைத் தளத்தில் பணியில் சேர்ந்தார். உயர்வான்வெளியின் காற்றுக் கொந்தளிப்பு அவரது முக்கிய ஆய்வுக்களங்களுள் ஒன்று. 1982இல் ஓய்வு பெற்றார்.

அவர் பணியேற்ற காலத்தின் சட்டநிலை கவனிக்கத்தக்கது. அரசுப் பணியில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் நடவடிக்கைகளைக் கோரிய குடியரசுத் தலைவர் கென்னடியின் 10925ஆம் ஆணை, 1961 மார்ச்சில் பிறப்பிக்கப்பட்டது. ஆனால் வீட்டு வாடகையிலும் விற்பனையிலும் பாகுபாட்டைத் தடைசெய்யும் கூட்டாட்சிச் சட்டம் 1968இல்தான் வந்தது. ஆய்வுக்கூடத்தில் இடம் பெற்ற பொறியாளருக்குக் குடியிருக்க வீடு கிடைக்குமா என்பதை அந்த ஏழாண்டுகளில் பெரிதும் ஊரே தீர்மானித்தது.

யெல்லோ ஸ்பிரிங்ஸுக்கு இதில் ஒரு மரபு உண்டு. வர்ஜீனிய அடிமை உடைமையாளரின் மகனான மங்க்யூர் கான்வே, தம் தந்தையின் பண்ணையில் அடிமைகளாயிருந்த சுமார் 30 பேரை 1862இல் இங்குக் குடியேற்றினார். கொரெட்டா ஸ்காட் கிங் பயின்ற ஆண்டியாக் கல்லூரியும் இங்கேதான் உள்ளது.

ஆயினும் இது சமத்துவபுரி அன்று. லூயிஸ் கெக்னர் என்ற முடிதிருத்துநர், கறுப்பினத்தவரின் முடியை வெட்டத் தமக்குத் தெரியாது என்று கூறி மறுத்துவந்தார். முடிதிருத்தகத்தின் வாசலில் மறுக்கப்படுவது எது என்பதை நம் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கணக்கில் நீண்ட போராட்டமும் வழக்கும் 1964 மார்ச் 14 அன்று உச்சத்தை எட்டின. காவல்துறை கண்ணீர்ப்புகையையும் நீர்ப்பீய்ச்சலையும் பயன்படுத்தி, நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கைதுசெய்தது. கெக்னர் கடையை மூடினார். கறுப்பினத்தவருக்கு முடிவெட்ட இறுதிவரை இசையவில்லை.

அந்த ஊரில் வாழ்ந்தபடியே லவிங், இறக்கைகளை மடித்துச் சாலையில் கொண்டுசெல்லத்தக்க விமானத்தைக் கட்டி 1968இல் பறக்கவிட்டார்.

தடைகளை வென்ற தனிமனிதரின் கதையாக மட்டும் இதைச் சொன்னால், தடைகளை வைத்தவர்கள் மறைந்துவிடுவர்; அவற்றை அகற்றப் போராடிச் சிறைசென்றவர்களும் மறைந்துவிடுவர். வேலை, வீடு, பொதுவெளி ஆகிய மூன்றும் ஒன்றாகக் கோரப்பட வேண்டிய உரிமைகள் என்பதையே லவிங்கின் காலமும் ஊரும் காட்டுகின்றன.