கோப்ரா (ஐக்கிய அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுச் சட்டம்)

கோப்ரா என்பது ஐக்கிய அமெரிக்காவில் வேலையை இழந்த ஒருவரும் அவருடைய குடும்பத்தினரும், அவ்வேலையின் வழியாகப் பெற்றுவந்த மருத்துவக் காப்பீட்டைக் குறிப்பிட்ட காலம் வரை தம் சொந்தச் செலவில் தொடர்வதற்கு உரிமை தரும் நடுவண் அரசுச் சட்டம் ஆகும். "1985 ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த பல்துறை வரவுசெலவு இணக்கச் சட்டம்" எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரின் சுருக்கமே கோப்ரா. நாகப்பாம்புக்கும் இதற்கும் தொடர்பு எதுவும் இல்லை. பெயரில் 1985 என்று இருப்பினும், குடியரசுத் தலைவர் ரொனால்ட் ரேகன் இதில் கையொப்பமிட்டது 1986 ஏப்ரல் 7 அன்றாகும். வரவுசெலவு தொடர்பான பல பிரிவுகளுக்கு நடுவே மருத்துவக் காப்பீட்டுத் தொடர்ச்சி பற்றிய பிரிவும் இடம்பெற்றது. இன்று கோப்ரா என்றால் பெரும்பாலும் அந்தப் பிரிவையே குறிக்கும்.

பின்னணி

ஐக்கிய அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு வேலையுடன் பிணைந்திருப்பதற்கு இரண்டாம் உலகப் போர்க்காலம் ஒரு முதன்மைக் காரணமாகும். 1942 இல் கூலி உயர்வு சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்டது. ஊதியத்தைக் கூட்ட இயலாத நிறுவனங்கள், ஆட்களை ஈர்ப்பதற்காகக் காப்பீடு போன்ற சலுகைகளை வழங்கின. 1954 ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம், காப்பீட்டுக்காக நிறுவனம் செலுத்தும் தொகை பணியாளரின் வருமானமாகக் கருதப்படாது என்பதை உறுதிசெய்தது. அதன்பின் இம்முறை வேரூன்றியது.

இதன் விளைவாக, வேலை போனால் காப்பீடும் போயிற்று. தனியாகக் காப்பீடு வாங்கச் சென்றால், ஏற்கெனவே நோய் உள்ளவர்களைப் பெரும்பாலான மாநிலங்களில் காப்பீட்டு நிறுவனங்கள் மறுக்க முடிந்தது. இந்நிலை 2014 வரை நீடித்தது. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருப்பவரும் கருவுற்றிருக்கும் பெண்ணும் இதனால் பெரிதும் பாதிக்கப்பட்டனர். கணவரின் வேலைவழிக் காப்பீட்டையே நம்பியிருந்து, மணமுறிவாலோ கணவரின் இறப்பாலோ அதனை இழந்த பெண்களின் நிலையும் இதுவே.

எவருக்குப் பொருந்தும்

முந்திய ஆண்டில் பெரும்பாலான வேலை நாட்களில் 20 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்டிருந்த தனியார் நிறுவனங்களுக்கும், மாநில, உள்ளூர் அரசு அமைப்புகளுக்கும் இச்சட்டம் பொருந்தும். தேவாலயங்கள் நடத்தும் திட்டங்களுக்கு விலக்கு உண்டு. நடுவண் அரசுப் பணியாளர்களுக்குத் தனிச் சட்டம் உள்ளது. 20 பேருக்குக் குறைவானோர் பணிபுரியும் இடங்களுக்குப் பல மாநிலங்கள் "குட்டி கோப்ரா" எனப்படும் சட்டங்களை இயற்றியுள்ளன. கலிபோர்னியாவில் 2 முதல் 19 பேர் வரை பணிபுரியும் நிறுவனங்களில் காப்பீட்டை 36 மாதங்கள் வரை தொடரலாம். டெக்சாசில் கோப்ரா பொருந்தாதவர்களுக்கு 9 மாதங்களே.

ஆட்குறைப்பு, பணிநீக்கம், தாமாகவே விலகுதல், வேலைநேரக் குறைப்பு ஆகியவற்றால் காப்பீட்டை இழந்தவர் 18 மாதங்கள் வரை தொடரலாம். கடும் ஒழுக்கக்கேட்டுக்காக நீக்கப்பட்டவருக்கு இவ்வுரிமை இல்லை. ஆனால் கடும் ஒழுக்கக்கேடு எது என்று சட்டம் வரையறுக்கவில்லை. எனவே இது அடிக்கடி வழக்குமன்றம் சென்ற ஒரு சொல் ஆயிற்று. பணியாளரின் இறப்பு, மணமுறிவு, பிள்ளை திட்டத்தின் வயது வரம்பைக் கடத்தல் ஆகியவற்றில் குடும்பத்தினருக்கு 36 மாதங்கள் கிடைக்கும். தொடர்காப்பீட்டின் முதல் 60 நாட்களுக்குள் ஊனமுற்றிருந்ததாகச் சமூகப் பாதுகாப்புத் துறை தீர்மானித்தால், 18 மாதங்கள் 29 ஆக நீளும்.

குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி உரிமை உண்டு. தொடர்ந்து சிகிச்சை தேவைப்படும் ஒருவரை மட்டும் கோப்ராவில் வைத்துக்கொண்டு, ஏனையோர் வேறு காப்பீட்டுக்குச் செல்லலாம். செலவைக் குறைக்க இது நல்ல வழியாக இருந்தும் பலர் இதனை அறிவதில்லை.

செலவு

கோப்ரா தருவது உரிமையே அன்றி உதவித்தொகை அன்று. வேலையில் இருக்கும்போது காப்பீட்டுக் கட்டணத்தின் பெரும்பகுதியை நிறுவனம் செலுத்துகின்றது. வேலை போனபின் அம்முழுத் தொகையுடன், நிர்வாகச் செலவுக்காக மேலும் 2 விழுக்காட்டையும் சேர்த்து, 102 விழுக்காடு வரை பணியாளரிடம் பெறலாம். ஊனத்தின் காரணமாக நீட்டிக்கப்பட்ட மாதங்களில் இது 150 விழுக்காடு வரை உயரலாம்.

கைசர் குடும்ப அறக்கட்டளையின் 2024 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, வேலைவழிக் குடும்பக் காப்பீட்டின் சராசரி ஆண்டுக் கட்டணம் 25,572 டாலர். இதில் பணியாளர் செலுத்தியது சராசரியாக 6,296 டாலர், அதாவது மாதம் ஏறத்தாழ 525 டாலர். அதே காப்பீட்டைக் கோப்ராவில் தொடர மாதம் ஏறத்தாழ 2,174 டாலர் ஆகும். வருமானம் நின்றுபோன மாதத்திலேயே செலவு நான்கு மடங்குக்கு மேல் ஆவதால், உரிமை இருந்தும் பலர் சேர்வதில்லை. சேர்பவர்களுள் சிகிச்சை தேவைப்படுவோர் மிகுதி. ஆகவே செலுத்தப்படும் கட்டணத்தைவிட மருத்துவச் செலவு கூடிவிடுவதாக நிறுவனங்கள் குறைகூறுவதும் உண்டு.

பொருளாதார நெருக்கடிகளில் அரசு இக்கட்டணத்தை ஏற்றதும் உண்டு. 2009 இல் இயற்றப்பட்ட சட்டம், ஆட்குறைப்புக்கு உள்ளானோரின் கட்டணத்தில் 65 விழுக்காட்டை முதலில் 9 மாதங்களுக்கும், பின்னர் 15 மாதங்கள் வரைக்கும் ஏற்றது. கொரோனாக் காலத்தில், 2021 ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை முழுக் கட்டணமும் ஏற்கப்பட்டது. இவ்விரு உதவிகளும் முடிந்துவிட்டன. சில நிறுவனங்கள் விடைபெறும் பணியாளருக்குத் தரும் இழப்பீட்டின் பகுதியாகச் சில மாதக் கட்டணத்தைத் தாமே செலுத்துகின்றன.

60 நாட்களும் பின்தேதிக் காப்பீடும்

இச்சட்டத்தின் மிகவும் பயனுள்ள, அதே நேரம் மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் பகுதி இது. வேலை முடிந்ததை நிறுவனம் 30 நாட்களுக்குள் திட்ட நிர்வாகிக்குத் தெரிவிக்க வேண்டும். நிர்வாகி 14 நாட்களுக்குள் பணியாளருக்கு அறிவித்தல் அனுப்ப வேண்டும். காப்பீடு முடிந்த நாள், அறிவித்தல் வழங்கப்பட்ட நாள் ஆகிய இரண்டில் பிந்தியதிலிருந்து முடிவெடுக்க 60 நாட்கள் உண்டு. முடிவைத் தெரிவித்தபின் முதற் பணம் செலுத்த மேலும் 45 நாட்கள் உண்டு. சேர்ந்தால், காப்பீடு முடிந்த நாளிலிருந்தே அது இடைவெளியின்றித் தொடர்ந்ததாகக் கொள்ளப்படும்.

எடுத்துக்காட்டாக, ஒருவரின் காப்பீடு மார்ச் 31 அன்று முடிந்து, அறிவித்தல் ஏப்ரல் 14 அன்று வழங்கப்பட்டது எனக் கொள்வோம். அவர் சூன் 13 வரை முடிவெடுக்கலாம். மே மாதத்தில் அவருக்குக் கால் முறிந்து அறுவை சிகிச்சை நடந்தாலும், சூன் 13 அன்று படிவத்தை அஞ்சலில் சேர்த்தால் போதும். சூலை 28 வரை முதற் பணத்துக்குக் காலம் உண்டு. ஏப்ரல் முதலான எல்லா மாதங்களுக்கும் கட்டணம் செலுத்தினால் மே மாதச் செலவு காப்பீட்டில் அடங்கும். நோய் வராவிடில் சேராமலே விட்டுவிடலாம். இடைப்பட்ட காலத்தில் மருத்துவமனை, நோயாளியிடமே முழுப் பணத்தையும் கேட்கக்கூடும். அதனைப் பின்னர் காப்பீட்டிலிருந்து திரும்பப் பெற வேண்டியிருக்கும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. "வேண்டாம்" என்று எழுத்தில் தெரிவித்தவர், 60 நாட்களுக்குள் மனம் மாறிச் சேரலாம். ஆனால் அவருக்குக் காப்பீடு மனம் மாறிய நாளிலிருந்தே தொடங்கலாம், பின்தேதி கிடைக்காது. எனவே விடை தராமல் இருப்பது, மறுத்து விடை தருவதைவிடப் பாதுகாப்பானது. அதன் பிறகு மாதக் கட்டணத்துக்கு 30 நாள் சலுகைக் காலமே உண்டு. அது தவறினால் காப்பீடு முடிந்துவிடும்.

மாற்று வழிகள்

2010 ஆம் ஆண்டின் நலப் பராமரிப்புச் சட்டம் 2014 முதல் கோப்ராவின் இடத்தைப் பெருமளவு மாற்றிவிட்டது. முன்னரே இருந்த நோயைக் காட்டிக் காப்பீட்டை மறுக்க முடியாது. வேலைவழிக் காப்பீட்டை இழந்தவர் 60 நாட்களுக்குள் காப்பீட்டுச் சந்தையில் திட்டம் வாங்கலாம். வருமானத்தைப் பொறுத்து வரிச்சலுகை கிடைக்கலாம். வருமானம் மிகக் குறைந்தவர்கள் மெடிக்கெய்டு திட்டத்துக்கு எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். கணவர் அல்லது மனைவியின் வேலைவழித் திட்டத்தில் சேர 30 நாட்களே உண்டு.

இருப்பினும் கோப்ராவுக்குத் தேவை உண்டு. சிகிச்சையின் நடுவே இருப்பவருக்கு அதே மருத்துவர், அதே மருத்துவமனை, அதே மருந்துப் பட்டியல் தொடரும். 'டிடக்டிபிள்' எனப்படும், ஆண்டுதோறும் நோயாளி முதலில் தாமே செலுத்த வேண்டிய தொகையும் புதிதாகத் தொடங்காது. ஆனால் கோப்ராவில் சேர்ந்தபின் கட்டணம் தாளாமல் ஆண்டின் இடையில் விலகினால், அது சந்தையில் சேர்வதற்குரிய காரணமாகக் கொள்ளப்படாது. அடுத்த பொதுச் சேர்க்கைக் காலம் வரை காத்திருக்க நேரிடும்.

65 வயதை எட்டியவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மெடிக்கேர் விதிகளில் கோப்ரா, நடப்பு வேலைவழிக் காப்பீடாகக் கருதப்படாது. வேலை முடிந்து 8 மாதங்களுக்குள் மெடிக்கேரின் இரண்டாம் பகுதியில் சேராதவர், பின்னர் சேரும்போது தாமதித்த ஒவ்வொரு 12 மாதங்களுக்கும் 10 விழுக்காடு கூடுதல் கட்டணம் செலுத்த வேண்டும்.

கைசல் வழக்கு

புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்த ஜேம்ஸ் கைசல் 1993 இல் மூர் மெடிக்கல் நிறுவனத்திலிருந்து நீக்கப்பட்டார். கோப்ராவில் சேர்ந்து கட்டணம் செலுத்திவந்த அவரிடம், மனைவியின் காப்பீட்டில் அவர் ஏற்கெனவே இருந்ததால் அவருக்கு உரிமை இல்லை என்று நிறுவனம் பின்னர் கூறியது. வழக்கு நடக்கையிலேயே அவர் இறந்தார். மனைவி வழக்கைத் தொடர்ந்தார். 1998 இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்பளித்தது. கோப்ராவைத் தெரிவுசெய்த பின்னர் வேறு குழுக் காப்பீட்டில் புதிதாகச் சேர்ந்தால் மட்டுமே உரிமையை நிறுத்தலாம், முன்பே இருந்த காப்பீட்டைக் காட்டி மறுக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

வெளிநாட்டுப் பணியாளர்கள்

கோப்ரா குடியுரிமையைப் பார்ப்பதில்லை. எச்-1பி விசாவில் பணிபுரியும் தமிழர்கள் உள்ளிட்ட வெளிநாட்டுப் பொறியாளர்களுக்கும் இவ்வுரிமை உண்டு. 2017 சனவரியில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, வேலை இழந்த எச்-1பி பணியாளர் 60 நாட்கள் வரை, அல்லது அனுமதிக் காலம் அதற்கு முன் முடிந்தால் அதுவரை, நாட்டில் தங்கலாம். இந்த 60 நாட்களையும் கோப்ராவின் 60 நாட்களையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. முன்னது வேலை முடிந்த நாளிலிருந்தே எண்ணப்படுகின்றது. பல திட்டங்கள் வெளிநாட்டில் பெறும் வழக்கமான சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை. ஆகவே நாடு திரும்பியவருக்குக் கோப்ராவால் பயன் குறைவு.

வரம்புகள்

நிறுவனம் தன் குழுக் காப்பீட்டுத் திட்டத்தையே முற்றாகக் கைவிட்டால் கோப்ராவும் அத்துடன் முடிந்துவிடும். தொடர்வதற்குத் திட்டம் இல்லாதபோது உரிமை செல்லாது. ஆகவே நொடித்து மூடப்படும் நிறுவனத்தின் பணியாளர்களுக்கு, பெரும்பாலும் காப்பீட்டுச் சந்தையும் மெடிக்கெய்டுமே எஞ்சும்.