தோலுக்குத் தரம்! தொழிலாளிக்கு?

காலிலே அணிகிறோம், கருத்திலே கொள்வதில்லை. செருப்பைப் பற்றியும் ஒரு கட்டுரையா என்று முகம் சுளிப்போர் உண்டு. அந்த முகச்சுளிப்பு எங்கிருந்து வந்தது என்பதை ஆராயவே நாம் இதனை எழுதுகிறோம். ஒரு சோடிக் காலணிக்குள்ளே விலங்கியல் இருக்கிறது, வேதியியல் இருக்கிறது, கடல் கடந்த வாணிபத்தின் வரலாறு இருக்கிறது. இவ்வளவையும் கைவிரலிலே வைத்திருந்தவனை ஊருக்கு வெளியே நிறுத்திய சமுதாயத்தின் கதையும் இருக்கிறது.

முதலில் பொருளைப் பார்ப்போம். கையால் தைத்த நல்ல காலணி ஒரே தோலால் ஆவதன்று. வெளியே தெரியும் மேல்தோல், காலைத் தழுவும் உள்தோல், பாதம் படியும் உள்ளடி, மண்ணோடு போராடும் வெளியடி என்று நான்கு வகைத் தோலேனும் அதிலே கூடி நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. ஆகவே ஒவ்வொன்றுக்கும் வேறு விலங்கு, வேறு கனம், வேறு பதம்.

கன்றின் தோல் மெல்லியது, மயிர்க்கால்கள் நுண்ணியவை, மினுமினுப்பை எளிதில் ஏற்கும். நேர்த்தியான காலணியின் மேற்பகுதிக்கு அதனையே தேடுவர். வெள்ளாட்டுத் தோல் கனத்திலே குறைந்தது, உறுதியிலே குறையாதது. இழைகள் நெருங்கிப் பின்னியிருப்பதால் மடக்கினாலும் எளிதில் வெடிக்காது. செம்மறியாட்டுத் தோலிலே கொழுப்பு மிகுதி. அது நீங்கியபின் இழைகளுக்கிடையே இடைவெளி விழுந்துவிடும். மென்மை உண்டு, வலிமை குறைவு. ஆகவே அது உள்ளே உறையாகிறது. பசு, காளைத் தோல் நாள்தோறும் உழைக்கும் காலணிக்கு உரியது. எருமைத் தோல் தடித்தது, முரடானது. அடிப்பகுதிக்கும் வார்ச்செருப்புக்கும் அதுவே தோழன்.

விலங்கைத் தெரிந்துகொண்டால் போதுமா? போதாது. ஒரே மாட்டின் தோலிலும் ஒவ்வோர் இடத்துக்கு ஒவ்வொரு குணம். முதுகும் பின்பகுதியும் இறுக்கமானவை, வெளியடிக்கு அவை. தோட்பகுதி வளைந்து கொடுக்கும், உள்ளடிக்கு அது. வயிற்றுப் பகுதி தளர்ந்தது, இழுத்த இழுப்புக்கு நீள்வது. அதைக் காலணியின் முகப்பிலே வைத்தால் சில திங்களிலேயே உருக்குலைந்து போகும். வெட்டுவதற்கு முன் தொழிலாளி தோலை இருபுறமும் இழுத்துப் பார்க்கிறான். இழுபடாத திசை காலின் நீளவாக்கிலே அமையும்படி கத்தியை வைக்கிறான். உண்ணி கடித்த தழும்பும், சூடு வைத்த வடுவும் கண்ணுக்குத் தெரியாத மூலைக்குப் போகின்றன. தழும்பில்லாத பகுதி முகப்புக்கு வருகிறது.

கண்ணால் கண்டு, விரலால் தொட்டு, இழுத்துச் சோதித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, முடிவு காணும் முறை இது. உலகம் இதற்கு அறிவியல் முறை என்று பெயர் வைத்திருக்கிறது. நம் நாட்டிலே இதற்கு வைத்த பெயர் என்ன? தீட்டு!

இனி, பதனிடும் கலையைப் பார்ப்போம். பச்சைத் தோல் சில நாளிலே அழுகும். காயவிட்டால் பலகைபோல் விறைக்கும். அழுகாமலும் விறைக்காமலும் அதனைக் காப்பதே பதனிடுதல். உப்பிட்ட தோலை ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியிலே இட்டு, மயிரை நீக்கி, ஒட்டியிருக்கும் சதையைக் கத்தியால் சீவி, சுண்ணாம்பைக் கழுவிப் போக்கி, பிறகு மரப்பட்டைச் சாற்றிலே ஊறவிடுவர். முதலில் நீர்த்த சாறு. நாள் செல்லச் செல்லச் செறிந்த சாறு. இந்த வரிசை ஏன்? தொடக்கத்திலேயே செறிந்த சாற்றில் இட்டால் மேற்பரப்பு இறுகிவிடும். உட்புறத்துக்குச் சாறு செல்லாது. நடுவிலே பச்சையாகவே நின்றுவிடும். இந்த உண்மையை எந்தப் பல்கலைக்கழகமும் பதனிடுவோனுக்குச் சொல்லித் தரவில்லை. குழியும் தோலும் சொல்லித் தந்தன.

இங்கிலாந்திலே ஓக் மரத்தின் பட்டை இருந்தது. தடித்த அடித்தோலை அதிலே ஓராண்டுக்கும் மேலாக ஊறவைப்பர். தமிழ்நாட்டிலே ஆவாரம்பட்டை இருந்தது. வெளிறிய நிறமும் நல்ல வளைவும் உள்ள தோலை அது தரும். ஆனால் அந்தத் தோல் வெயில் பட்டால் சிவக்கும். அதைத் தடுக்க இங்குள்ளோர் கண்ட வழி, கடைசியிலே கடுக்காய்ச் சாற்றில் ஒரு முழுக்கு. பின்னர் எண்ணெய் தேய்த்து, மேற்பரப்பைச் சீராக்கி, நிழலிலே உலர்த்துவர்.

பொங்கல் வந்தால் ஆவாரம்பூவைக் கொண்டுவந்து வீட்டிலே காப்புக் கட்டுகிறார்கள். அதே செடியின் பட்டையை உரித்துத் தோலைப் பதனிட்டவன் அந்த வீட்டு வாயிற்படி ஏறக்கூடாது! மிருதங்கத்திலே பசுத்தோல் உண்டு, ஆட்டுத்தோல் உண்டு, எருமைத்தோல் உண்டு. அது மேடையேறிய பின் தெய்விகம். அந்தத் தோலைப் பக்குவம் செய்த கை மட்டும் தீண்டத்தகாதது! செடிக்குள்ளேயும் கருவிக்குள்ளேயும் தீட்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கேட்டால் விடை கிடையாது. ஏனென்றால் தீட்டு தோலிலே இல்லை, சாதியிலே இருக்கிறது.

இந்தக் கையின் திறமையை உலகம் அறிந்தே இருந்தது. 19ஆம் நூற்றாண்டிலே சென்னைத் துறைமுகத்திலிருந்து பட்டையால் பதனிட்ட தோல் கட்டுக்கட்டாக இலண்டன் ஏலச் சந்தைக்குச் சென்றது. ‘கிழக்கிந்தியக் கிப்’ என்பது அங்கே அதற்கு வழங்கிய பெயர். நம் நாட்டு மாடு உருவிலே சிறியது. அதன் தோல் மெல்லியது, ஆயினும் உறுதியானது. அங்குள்ள தொழிற்சாலைகள் அதற்கு எண்ணெயும் மெருகும் ஏற்றி, காலணியின் மேற்பகுதியாகவும் உள்தோலாகவும் ஆக்கின. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரிலே பிரிட்டிஷ் பட்டாளத்தின் பூட்சுகளுக்கு மேற்தோலாகச் சென்றதும் இந்தச் சென்னைத் தோலே. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, திண்டுக்கல், ஈரோடு, திருச்சி என்று ஊர்தோறும் தோல் கூடங்கள் எழுந்தன. சென்னையின் பெரியமேடு தோல் மண்டியாகத் திகழ்ந்தது. சாதி இந்துக்கள் தொடக் கூசிய இந்த வாணிபத்தை முசுலிம் வணிகர் துணிந்து எடுத்து வளர்த்தனர். குழியிலே இறங்கியவரோ பெரும்பாலும் ஒடுக்கப்பட்டோரே. தோல் கப்பலேறிற்று, குழியிலே நின்றவன் குழியிலேயே நின்றான்.

பிறகு வந்தது குரோமியம். 1884இல் நியூயார்க்கிலே அகஸ்டஸ் சூல்ட்சு என்பவர் குரோமிய உப்பினால் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1893இல் மார்ட்டின் டென்னிஸ் அதனை மேலும் எளிதாக்கினார். பட்டைச் சாறு பல வாரங்களில் செய்ததை இந்த உப்பு ஓரிரு நாளிலே செய்தது. வெப்பத்தையும் நீரையும் தாங்கும் மெல்லிய மேற்தோல் அதனால் கிடைத்தது. எனினும் பட்டைத் தோல் மாண்டுவிடவில்லை. வியர்வையை உறிஞ்சி, அணிந்தவன் பாதத்தின் வடிவத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் குணம் அதற்கே சிறப்பு. ஆகவே இன்றும் கையால் தைக்கப்படும் உயர்ந்த காலணியின் மேற்பகுதி பெரும்பாலும் குரோமியத் தோல். உள்ளடியும் வெளியடியும் பட்டைத் தோல். ஒரே காலணிக்குள்ளே இரண்டு வேதியியல்!

அமெரிக்கர் இந்தப் புதுமுறை கண்டதும் நம்மிடம் பதனிட்ட ஆட்டுத்தோலைக் குறைத்துப் பச்சைத் தோலைக் கேட்டனர். உழைப்பும் ஆதாயமும் கடலுக்கு அப்பால் சென்றன. இங்கேயே புதுமுறையைக் கற்பிக்கலாம் என்று ஆல்பிரட் சாட்டர்டன் என்ற பொறியியலார் 1903இல் சென்னையிலே சோதனை தொடங்கினார். கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் கவலைச் சாலுக்கு நீரிலே நைந்துபோகாத தோல் வேண்டும் என்பது அவருடைய முதல் எண்ணம். செருப்பும் பூட்சும் அடுத்து வந்தன. அரசே தொழில் நடத்துவதா என்று வெள்ளை வணிகர் எதிர்த்தனர். 1910இல் இலண்டனிலிருந்த இந்திய அமைச்சர் மார்லி பிரபு அம்முயற்சிக்கு முட்டுக்கட்டை இட்டார். ஆயினும் விதை வீணாகவில்லை. பல்லாவரத்துக்கு அருகே குரோம் லெதர் கம்பெனி எழுந்தது. அதன் பெயராலேயே குரோம்பேட்டை என்று ஓர் ஊர் வழங்குகிறது. 1948இல் அடையாற்றிலே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் உருவாயிற்று.

அறிவியல் தோல் குழியருகே வந்தபோது என்ன கண்டது? ஒரு சான்று சொல்வோம். ஐரோப்பாவிலே மெல்லிய தோலை மேலும் மென்மையாக்க நாய்க் கழிவையும் பறவை எச்சத்தையும் நீரில் கலந்து அதிலே தோலை ஊறவைக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அருவருப்பு என்று எவரும் சொல்லக்கூடிய செயல். ஆனால் அந்தக் கழிவிலே தோலின் தேவையற்ற புரதத்தைக் கரைக்கும் நொதிகள் இருந்தன. 1908 வாக்கில் செருமனியின் ஓட்டோ ரோம் அதே வேலையைக் கணையத்தின் நொதியால் செய்து காட்டினார். தொழிலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ட உண்மையை வேதியியலார் சோதனைக் குழாயிலே உறுதி செய்தார். ஐரோப்பா நாற்றத்தை ஆராய்ந்து நொதியைக் கண்டது. நம் நாட்டு வைதிகம் நாற்றத்தைக் காட்டி ஒரு மக்கள் கூட்டத்தையே ஒதுக்கி வைத்தது.

ஐரோப்பாவிலே ஏற்றத்தாழ்வு இல்லையென்று நாம் சொல்லவில்லை. அங்கும் தோல் கூடம் ஊரின் ஓரத்திலேதான் இருந்தது. ஆனால் அங்கே ஒதுங்கி நின்றது கூடம். இங்கே ஒதுக்கப்பட்டது பிறப்பு! இலண்டன் காலணித் தொழிலாளர் சங்கத்துக்கு 1439இல் ஆறாம் என்றி மன்னர் பட்டயம் வழங்கினார். கோர்டோவா நகரத்து ஆட்டுத்தோலின் பெயரையே தங்கள் தொழிலுக்குப் பெயராக அவர்கள் பெருமையோடு சூடிக்கொண்டனர். அந்த நாட்டிலே செருப்புத் தைக்கப் பழகிய வில்லியம் கேரி 1793இல் வங்காளம் வந்தார். 1801இல் வில்லியம் கோட்டைக் கல்லூரியிலே மொழியாசிரியராக அமர்ந்தார். சமற்கிருதமும் அவர் கற்பித்தார்! இந்த நாட்டிலே செருப்புத் தைத்தவன் மகன் அந்த மொழியின் வேதத்தைக் காதாலே கேட்பதும் குற்றம் என்று எழுதி வைத்திருந்த காலம் உண்டு.

நம் பழந்தமிழரும் இதிலே குற்றமற்றவர் அல்லர் என்பதை மறைக்கமாட்டோம். புறநானூற்றின் 82ஆம் பாட்டு, கட்டிலுக்கு வார் பின்னும் ஒருவனுடைய ஊசியின் விரைவைப் போரின் விரைவுக்கு உவமையாக்குகிறது. கையின் திறனைப் புலவர் வியக்கிறார். அந்தக் கைக்கு உரியவனைச் சுட்ட அவர் ஆளும் சொல்லோ இழிவைச் சுமந்த சொல். ஊசிக்குப் புகழ், உடையவனுக்கு இழிவு! நோயின் வேர் அத்தனை ஆழம்.

வேர் ஆழமானால் கனி எத்தனை கசப்பு! 1930 டிசம்பரிலே இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிட மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். ஜே. எச். ஹட்டன் 1946இல் வெளியிட்ட சாதி பற்றிய நூலிலே அவை இடம்பெற்றுள்ளன. எட்டாவது தடை என்ன தெரியுமா? ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது; செருப்பு அணியக் கூடாது! குரோமியம் வந்து, சென்னைத் தோல் உலகப் போரையே நடந்து கடந்த பிறகு, கால் சுடும் மண்ணிலே ஒரு மனிதன் செருப்போடு நடப்பது குற்றமாயிற்று. தோலைத் தரம் பிரிக்கத் தெரிந்த நாடு, மனிதனையும் தரம் பிரித்தது. தோலைத் தரம் பிரிக்கச் சோதனை இருந்தது. மனிதனைத் தரம் பிரித்தவர் செய்த சோதனை எது?

எதிர்த்து எழுந்தவர்களும் இருந்தனர். அருந்ததியர் சமூகத்தில் தோன்றிய எல். சி. குருசாமி 1920களிலே சென்னைச் சட்டசபையில் அமர்ந்து தம் மக்களின் கல்விக்காக வாதாடினார். 2009இல் தமிழ்நாடு அரசு அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கிச் சட்டம் இயற்றியது. அத்தகைய உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்டிலே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குழியருகே நின்ற குடும்பத்துப் பிள்ளை வேதியியல் வகுப்புக்குள்ளே நுழைய இவை திறந்த கதவுகள்.

கணக்கு முடிந்துவிடவில்லை. குரோமியம் செல்வம் தந்தது. பாலாற்றையும் நிலத்தடி நீரையும் நஞ்சாக்கவும் செய்தது. 1996இல் வேலூர் மக்கள் தொடுத்த வழக்கிலே, மாசு செய்தவரே ஈடு செய்யவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறிற்று. 2015 சனவரியிலே இராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக் கொண்டிருந்த தொழிலாளர் உட்படப் பத்துப் பேர் மாண்டனர். காலணியின் விலைச் சீட்டிலே இந்த உயிர்களுக்கு இடமில்லை.

இளந்தோழர்களே! அடுத்த முறை ஒரு காலணியைக் கையில் எடுக்கும்போது மேற்தோலைத் தடவிப் பாருங்கள். அது கன்றா, வெள்ளாடா என்று கேளுங்கள். அடியைத் திருப்பி, பட்டைத் தோலா குரோமியத் தோலா என்று கேளுங்கள். கூசாமல் கேளுங்கள், கற்றுக்கொள்ளுங்கள். தெருவோரத்திலே தைத்துக்கொண்டிருப்பவர் உங்களுக்கு ஆசிரியராக அமைவார். அவரை ‘நீ’ என்று அழைக்கும் பழக்கத்தை அன்றோடு விட்டுவிடுங்கள். அவருடைய பிள்ளை எந்த வகுப்பிலே படிக்கிறது என்பதையும் கேளுங்கள். தோலின் வகைகளைப் பற்றிய பாடம் அந்தக் கேள்வியிலேதான் நிறைவடைகிறது.