மாட்டுக் கொம்பு முத்திரையிலிருந்து உண்ணி வரம்பு வரை: செல்லப்பிராணிக் காப்பீட்டின் கதை

நாய்க்கும் பூனைக்கும் காப்பீடா என்று கேட்டால் இன்றும் பலர் சிரிப்பார்கள். பணக்காரர்களின் புதுப் பழக்கம் என்றுதான் நினைப்பார்கள். உண்மையில் விலங்குக் காப்பீடு ஏழைகளிடம் பிறந்தது. அதுவும் ஒற்றைப் பசுவை நம்பி வாழ்ந்த கூலித் தொழிலாளர்களிடம்!

19-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில், குறிப்பாக லிங்கன்ஷயர் பகுதியில், 'பசு சங்கங்கள்' என்ற சிறு அமைப்புகள் இருந்தன. ஊரில் ஒரு பசு, இரண்டு பசு வைத்திருப்பவர்கள் சேர்ந்து சிறு சந்தா கட்டுவார்கள். யாருடைய பசுவாவது இறந்தால் அந்தப் பணத்திலிருந்து ஈடு கிடைக்கும். சங்கத்தில் சேரும் பசுவை ஊர்க்காரர்களே பரிசோதித்து, அதன் கொம்பில் சங்கத்தின் அடையாளத்தைச் சுட்டுப் பொறிப்பார்கள். செத்த மாடு ஒன்று, காப்பீடு செய்தது வேறு ஒன்று என்று யாரும் ஏமாற்ற முடியாது. எந்த மேய்ச்சல் நிலம் ஈரமானது, யார் மாட்டைச் சரியாகக் கவனிக்க மாட்டார் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அந்த வட்டாரத்தின் ஆபத்தை அந்த வட்டாரத்து மக்களே எடைபோட்டார்கள்.

இதில் ஒரு பெரிய ஓட்டையும் இருந்தது. 1865-ல் வெக்கை நோய் இங்கிலாந்துக்குள் நுழைந்தது. கப்பலில் ஹல் துறைமுகத்துக்கு வந்த மாடுகளோடு வந்தது என்பார்கள். லட்சக்கணக்கான மாடுகள் மாண்டன அல்லது கொல்லப்பட்டன. பால்பண்ணைக்குப் பேர்போன செஷயர் மாவட்டம் மிக மோசமாக அடிபட்டது. ஒருவரின் பசு இறந்தால் மற்றவர்கள் ஈடு செய்யலாம். எல்லோருடைய பசுவும் ஒரே மாதத்தில் இறந்தால் யார் யாருக்குக் கொடுப்பது? ஊர் அளவிலான நிதி எதுவும் இதைத் தாங்காது. 1866-ல் அரசே சட்டம் போட்டு, நோய் கண்ட மாடுகளைக் கொல்லச் சொல்லி, உள்ளூர் வரிப்பணத்திலிருந்து ஈடு கொடுக்க வேண்டியதாயிற்று.

விலங்குக் காப்பீட்டின் தீராத சிக்கல் இங்கேயே தெரிந்துவிடுகிறது. ஆபத்தை அறிய ஊருக்குள் இருக்க வேண்டும். அதைத் தாங்கவோ பல ஊர்களுக்குப் பரந்திருக்க வேண்டும். பிறகு வந்த எல்லா நிறுவனங்களும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அல்லாடின.

சுவீடனில் 1890-ல் குதிரைகளுக்கும் கால்நடைகளுக்குமாகத் தொடங்கப்பட்ட நிறுவனமே இன்றைய அக்ரியாவின் மூதாதை. நாய்க்கான காப்பீடு அங்கே 1924-ல் வந்தது. இன்று சுவீடன் நாய்களில் மிகப் பெரும்பான்மைக்குக் காப்பீடு உண்டு. இத்தனை நாய்களின் சிகிச்சைக் கணக்கு ஒரே இடத்தில் சேர்ந்ததால் வேறொரு பயனும் கிடைத்தது. எந்த இனத்துக்கு எந்த வயதில் எந்த நோய் வருகிறது என்று அந்நாட்டு ஆய்வாளர்கள் 1990-களிலிருந்து இந்தப் பதிவேடுகளை வைத்தே ஆராய்ந்து வருகிறார்கள். கொம்பு முத்திரையின் வேலையைப் பதிவேடு ஏற்றுக்கொண்டது எனலாம்.

பிரிட்டனில் செல்லப்பிராணிக் காப்பீடு 1947-ல் தொடங்கியது. அமெரிக்காவில் 1982 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கே முதல் பாலிசி பெற்றது தொலைக்காட்சியில் புகழ்பெற்ற லாசி நாய்! நல்ல விளம்பரம்தான்.

ஆனால் வட்டார ஆபத்து என்றால் என்னவென்று புரிந்துகொள்ள ஆஸ்திரேலியாவுக்குத்தான் போக வேண்டும். அந்நாட்டின் கிழக்குக் கடற்கரையில், குயின்ஸ்லாந்தின் வடக்கிலிருந்து விக்டோரியா வரை, ஒரு குறுகிய பட்டையில் மட்டும் வாழும் உண்ணி ஒன்று உண்டு. இக்ஸோடெஸ் ஹோலோசைக்ளஸ் என்பது அறிவியல் பெயர். விலங்கை முடக்கிவிடுவதால் 'முடக்கு உண்ணி' என்று தமிழில் சொல்லலாம். பாண்டிகூட் போன்ற அம்மண்ணின் விலங்குகள் இதனோடு பழகிவிட்டன. வெளியிலிருந்து வந்த நாய்க்கும் பூனைக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. உண்ணி ஒட்டிய சில நாள்களில் பின்னங்கால்கள் தள்ளாடும். குரைப்பு மாறும். முடக்கம் மெல்ல மேலேறி மூச்சுத் தசைகளைப் பிடிக்கும். பிறகு மரணம்தான்.

இதை முறையாக ஆராய்ந்தவர் இயன் க்ளூனீஸ் ராஸ் என்ற கால்நடை மருத்துவர். ஒரே ஒரு முதிர்ந்த பெண் உண்ணி போதும், ஒரு நாயைக் கொல்ல என்பதை 1920-களில் நிறுவினார். திரும்பத் திரும்ப உண்ணிக் கடிக்கு ஆளாகி எதிர்ப்பு பெற்ற நாயின் இரத்தத்திலிருந்து எடுக்கும் சீரம் பிற நாய்களைக் காப்பாற்றும் என்பதும் 1930-களில் தெளிவாயிற்று. இன்றும் அடிப்படைச் சிகிச்சை அதுவே. ராஸ் பின்னாளில் நாட்டின் முதன்மை அறிவியல் நிறுவனத்துக்கே தலைவரானார். 1973-ல் வந்த ஐம்பது டாலர் நோட்டில் அவர் முகம் இடம்பெற்றது. உண்ணி ஆராய்ச்சி செய்தவருக்கு ரூபாய் நோட்டில் இடம் கிடைப்பது வேறெங்கு நடக்கும்?

சீரம் இருக்கிறது, நாய் பிழைக்கும். ஆனால் செலவு? சீரம், ஆக்ஸிஜன், பல நாள் மருத்துவமனைக் கண்காணிப்பு எல்லாம் சேர்ந்தால் ஆயிரக்கணக்கான டாலர். செயற்கை சுவாசம் தேவைப்பட்டால் இன்னும் பல மடங்கு. பணம் இல்லாத ஒரே காரணத்தால், பிழைக்கக்கூடிய நாயைக் கருணைக் கொலை செய்யும் முடிவுக்குக் குடும்பங்கள் தள்ளப்படுவதுண்டு. காப்பீடு உண்மையில் வேண்டியிருப்பது இந்த இடத்தில்தான்.

காப்பீட்டு நிறுவனங்களுக்கும் இது தெரியும். அதனால்தான் பல ஆஸ்திரேலியப் பாலிசிகளில் ஆண்டுக்கான மொத்த வரம்பு பெரிய எண்ணாக இருந்தாலும், உண்ணி முடக்கத்துக்கு மட்டும் அதைவிட மிகச் சிறிய தனி வரம்பு வைத்திருக்கிறார்கள். சிலவற்றில் அது விலக்குப் பட்டியலிலேயே இருக்கும். வேறு சிலவற்றில் தடுப்பு மருந்து தவறாமல் கொடுத்ததற்குச் சான்று கேட்பார்கள். செஷயரில் நடந்ததை நினைத்தால் இதன் காரணம் புரியும். ஒரே பருவத்தில், ஒரே கரையோரத்தில், ஆயிரக்கணக்கான கோரிக்கைகள் வந்து குவியும் ஆபத்து இது. அதற்காக, கரையோரம் வசிப்பவரிடம் அஞ்சல் குறியீட்டைக் கேட்டு அதையும் பார்த்துப் பிரீமியம் போட்டுவிட்டு, அந்த இடத்தின் முக்கிய ஆபத்தையே பாதியாக வெட்டுவது நியாயம்தானா என்ற கேள்வியும் எழத்தான் செய்கிறது.

ஆகவே சிட்னியின் கடற்கரைப் பகுதியில் நாய் வளர்ப்பவர் பாலிசியின் முதல் பக்கத்திலுள்ள பெரிய எண்ணைப் பார்த்துப் பயனில்லை. உள்ளே இருக்கும் உண்ணி வரம்பைப் பார்க்க வேண்டும். அதை அருகிலுள்ள மருத்துவமனையில் ஆகும் செலவோடு ஒப்பிட வேண்டும். காத்திருப்புக் காலம் இருப்பதால் உண்ணிப் பருவமான வசந்தத்துக்கு முன்பே எடுக்க வேண்டும். உள்நாட்டு வறண்ட பகுதியில் இருப்பவருக்கு இந்த வரம்பு ஒரு பொருட்டே அல்ல. அவர் கவலைப்பட வேண்டியது பழுப்புப் பாம்பைப் பற்றி. எதிர்விஷ மருந்துக்கு வரம்பு எவ்வளவு என்பதே அவருடைய கேள்வி.

பூனை வளர்ப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. நாய்களுக்கான சில உண்ணி மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு. உண்ணிக்குப் பயந்து நாய் மருந்தைப் பூனைக்குத் தடவி, அதனாலேயே பூனை உயிருக்குப் போராடிய சம்பவங்கள் பல. எனவே நச்சுச் சிகிச்சையும் பாலிசியில் அடங்குமா என்று பூனைக்காரர்கள் பார்த்துக்கொள்வது நல்லது.

2010-களின் நடுவில் வாய்வழி உண்ணி மாத்திரைகள் வந்த பிறகு, ஒழுங்காகக் கொடுக்கும் வீடுகளில் நிலைமை வெகுவாக மாறியது. அதற்குள் இன்னொரு பக்கம் கதவு திறந்தது. எர்லிகியா கேனிஸ் என்ற கிருமி இல்லாத நாடு என்று ஆஸ்திரேலியா எண்ணப்பட்டு வந்தது. தமிழ்நாட்டில் நாய் வளர்ப்போர் 'உண்ணிக் காய்ச்சல்' என்று அறிந்திருக்கும் நோய்களில் இதுவும் ஒன்று. 2020 மே மாதம் மேற்கு ஆஸ்திரேலியாவின் வடகோடியான கிம்பர்லியில் அது கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு வடக்குப் பிரதேசத்திலும் பரவியிருப்பது தெரிந்தது. இதைப் பரப்புவது கரையோர முடக்கு உண்ணி அல்ல, வீட்டைச் சுற்றியே வாழும் பழுப்பு நாய் உண்ணி. அது வறண்ட உள்நாட்டிலும் செழித்து வளரும். கடற்கரைக்காரர்களின் கவலை என்று உண்ணியை ஒதுக்கிவைத்திருந்த ஊர்களின் பாலிசிதாரர்கள், அந்த ஆண்டிலிருந்து தங்கள் விலக்குப் பட்டியலைப் புதிதாகப் படிக்க வேண்டியதாயிற்று.