டாக்டர் சீட்டு இருக்கா?

கழுத்து பிடிச்சுக்கிட்டா நேரா பிசியோதெரபிஸ்ட்கிட்ட போகலாமா, இல்ல டாக்டர்கிட்ட சீட்டு வாங்கிக்கிட்டுத்தான் போகணுமா? நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார்ற நம்ம கூட்டத்துக்கு முக்கியமான கேள்வி :-) அமெரிக்காவுல இதுக்கு ஒரு வழி பிறக்க நூறு வருஷம் ஆச்சு.

அங்கே பிசியோதெரபிக்கு லைசென்ஸ் கொடுப்பது மத்திய அரசு இல்லை. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியா சட்டம் போடும். முதலில் போட்டது பென்சில்வேனியா, 1913-இல். நியூயார்க் 1926-இல்.

நடுவில் முதல் உலகப்போர். கை கால் முடங்கித் திரும்பிய சிப்பாய்களைத் தேற்ற, ராணுவம் பெண்களுக்கு மசாஜும் உடற்பயிற்சியும் கற்றுக்கொடுத்து வேலைக்கு எடுத்தது. அவங்கதான் 1921-இல் மேரி மெக்மில்லன் தலைமையில் சங்கம் ஆரம்பிச்சாங்க. இன்றைய அமெரிக்க பிசியோதெரபி சங்கத்தின் வேர் அதுதான்.

போலி வைத்தியர்கள் மலிந்திருந்த காலம். "நாங்க அந்த ரகம் இல்லை"ன்னு காட்டணும். அதனால, நோயைக் கண்டுபிடிக்கிறதும் சிகிச்சையை முடிவு செய்றதும் டாக்டர் வேலை, சொன்னதைச் செய்றது எங்க வேலைன்னு 1935-இல் சங்கமே தன் நெறிமுறையில் எழுதி வச்சது. அதே காலத்தில் டாக்டர்கள் தனியா ஒரு பதிவேடு தொடங்கி, இவங்களுக்கு வச்ச பேர் 'டெக்னீஷியன்'. மரியாதை கிடைச்சது, கூடவே ஒரு மூக்கணாங்கயிறும்! பல மாநிலச் சட்டங்களும் டாக்டர் சீட்டு இல்லாம நோயாளியைத் தொடக்கூடாதுன்னுதான் சொல்லின.

1957-இல் சட்டம் போட்ட நெப்ராஸ்கா அந்த நிபந்தனையை வைக்கவே இல்லை. ஏற்கெனவே இருந்த நிபந்தனையை மேரிலாந்து 1979-இல் எடுத்தது. அப்புறம் ஒவ்வொண்ணா மத்த மாநிலங்கள். கடைசியா மிச்சிகன் வந்து சேர்ந்தது 2015 ஜனவரியில்.

அதுவும் முழுசா இல்லீங்க. மிச்சிகனில் 21 நாள் அல்லது 10 தடவை, எது முதலில் வருதோ அதுவரைக்கும்தான். டெக்சாஸில் சீட்டு இல்லாம சிகிச்சையே தொடங்க முடியாம இருந்தது. 2019 சட்டத்துக்குப் பிறகுதான் சில நாட்களுக்கு மட்டும் அனுமதி. சட்டம் விட்டாலும் சில இன்சூரன்ஸ் கம்பெனிகள் சீட்டு கேட்கும்.

எனக்குப் படுறது இதுதான். லைசென்ஸ் ரெண்டு வேலை செய்யுது. ஒண்ணு, படிக்காதவனை வாசலிலேயே நிறுத்துறது. அது அவசியம், நோயாளிக்குப் பாதுகாப்பு. இன்னொண்ணு, படிச்சு உள்ளே வந்தவங்களை யாருக்குக் கீழே உக்கார வைக்கிறதுன்னு முடிவு பண்றது. முதல் வேலைக்குச் சட்டம் போடும்போது ரெண்டாவதும் சத்தமில்லாம கூடவே வந்துடும். வந்ததை வெளியே அனுப்பத்தான் அத்தனை வருஷம்.

இந்தியாவிலும் 2021-இல் வந்த சட்டம் பிசியோதெரபிஸ்ட்களை ஒரு தேசிய ஆணையத்துக்குக் கீழே கொண்டுவந்து, மாநில கவுன்சில்கள் அமைக்கச் சொல்லுது. கவுன்சில் வரட்டும், போலிகள் ஒழியட்டும். விதிமுறைகள் எழுதும்போது அந்த ரெண்டாவது வேலையையும் கொஞ்சம் உத்துப் பார்க்கணும் மக்களே.