இயன்முறைச் சிகிச்சையும் சிறப்புச் சான்றும்

மாணவர்களே, கல்வி முடித்துத் தொழிலில் அமர்ந்த ஒருவர், மீண்டும் ஒரு தேர்வு எழுதிச் சான்று பெறுதல் வேண்டுமா? அமெரிக்க மருத்துவமனைகளில் பணியாற்றும் இயன்முறைச் சிகிச்சையாளர் முன் இவ்வினா நிற்கின்றது. பயிற்சிகளின் வாயிலாக உறுப்புகளின் இயக்கத்தை மீட்டுத் தருதல் அவர்தம் தொழில். புற்றுநோயாளரைப் பேணுவதற்கெனத் தனிச் சான்று பெறுதல் பயனுடையதா என்பதே ஐயம். அத்தொழிலின் வரலாறு இதற்கு விடை கூறும்.

முதல் உலகப் போரில் அமெரிக்கா 1917ஆம் ஆண்டில் புகுந்தது. கையும் காலும் முடங்கித் திரும்பிய வீரரைத் தேற்ற மகளிர் பலர் பயிற்றுவிக்கப்பட்டனர். 1918இல் வால்ட்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில் அப்பணியைத் தொடங்கியவர் மேரி மக்மில்லன் அம்மையார். 1921இல் இத்தொழிலாளர் தமக்கென ஒரு சங்கம் நிறுவினர். அம்மையாரே முதல் தலைவரானார். பின்னர் இளம்பிள்ளை வாதம் இவர்களுக்கு ஓயாத வேலை தந்தது. 1955இல் சால்க் கண்ட தடுப்பு மருந்து பரவியபின் அக்கொடுமை படிப்படியாகக் குறைந்தது.

புற்றுநோயாளர் நிலையோ வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பால்ட்டிமோர் நகரத்து அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட், மார்பகத்தோடு மார்புத் தசைகளையும் அக்குளின் நிணநீர் முடிச்சுகளையும் அகற்றும் முறையைப் பரப்பினார். அதனால் உயிர் தப்பிய பெண்டிர் பலருக்குத் தோள் இறுகியது, கை வீங்கியது. தலை வாரவும் கை உயராது வருந்தினர். 1952இல் இவ்வறுவைக்கு உள்ளான நியூயார்க்கைச் சேர்ந்த டெரீஸ் லாசர் என்னும் பெண்மணி, தமக்கு உதவிய பயிற்சிகளைப் பிற நோயாளரைத் தேடிச் சென்று கற்பித்தார். அவருடைய இயக்கத்தை 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்க் கழகம் ஏற்றுக்கொண்டது. கற்றவர் செய்ய வேண்டிய பணியை நோயாளி ஒருவரே தொடங்க நேர்ந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

வீங்கிய கையால் பளு தூக்கலாகாது என்பது நெடுங்காலம் கூறப்பட்ட அறிவுரை. கேத்ரின் ஷ்மிட்ஸ் என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் அத்தகைய பெண்கள் 141 பேரை ஆராய்ந்தனர். மேற்பார்வையில், சிறுகச் சிறுகக் கூட்டிப் பளு தூக்கியோருக்கு வீக்கம் மிகவில்லை. அது முற்றித் துன்புறுத்துவதும் குறைந்தது. இம்முடிவு 2009இல் வெளியாயிற்று. பழைய பாடத்தோடு நின்றவர், அஞ்ச வேண்டாததற்கு அஞ்சி நோயாளரை முடக்கியிருப்பார்.

அஞ்ச வேண்டுவதும் உண்டு. நோய் எலும்பிற் பரவியிருப்பின் தவறான பயிற்சி எலும்பை முறித்துவிடும். நோய்க்குத் தரும் மருந்துகளால் குருதித் தட்டணுக்கள் குறைந்தவருக்குச் சிறு அடியும் குருதிப்போக்கை உண்டாக்கும். சில மருந்துகள் இதயத்தைத் தளர்த்தும். இவற்றை அறியாத கை, நன்மை செய்யப் புகுந்து தீமை செய்துவிடும்.

இச்சங்கம் சிறப்புச் சான்று வழங்கும் அமைப்பை 1978இல் ஏற்படுத்திற்று. இதயம், நுரையீரல் பற்றிய துறையில் 1985இல் முதற்சான்றுகள் வழங்கப்பட்டன. புற்றுநோய்த் துறைக்கு 2016இல் ஒப்புதல் கிடைத்தது. முதல் தேர்வு 2019இல் நடந்தது. இத்துறையில் நோயாளரோடு 2,000 மணி நேரம் பணி புரிந்திருத்தல், அல்லது அதற்கென அமைந்த உறைவிடப் பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும். சான்று பத்தாண்டுகளுக்கே செல்லும். இடையிலும் கற்றுக்கொண்டே இருந்தால்தான் அதனைப் புதுப்பிக்கலாம்.

இச்சான்று இன்றியும் சட்டப்படி தொழில் நடத்தலாம். கட்டணம் உண்டு, ஊதியம் உயரும் என்னும் உறுதி இல்லை. ஆதலின், புற்றுநோயாளரை எப்போதேனும் ஒருமுறை காண்பவருக்கு இது பெரும் பயன் தராது. அந்நோயாளரையே நாள்தோறும் பேணுபவருக்கோ இது தகும் என்பதே என் முடிவு. சான்றுத் தாளைக் காட்டிலும், அதன்பொருட்டுக் கற்ற கல்வியும், கற்றதைப் புதுப்பிக்கும் கடமையும் மதிப்புடையவை. அப்பயனைப் பெறுவது நோயாளியும் மருத்துவமனையும் ஆதலின், அச்செலவில் ஒரு பங்கை மருத்துவமனை ஏற்பதே நீதி.

மாணவர்களே, நாளை நீங்கள் எத்தொழிலில் அமர்ந்தாலும் மேற்படிப்பை எண்ணும்போது, ‘இதனால் எனக்கு என்ன கிடைக்கும்?’ என்று கேளுங்கள், அது தவறன்று. கேட்டபின், ‘என்னை நம்பி வருபவருக்கு என்ன கிடைக்கும்?’ என்றும் கேளுங்கள். உயராத கையோடு பல்லாண்டு வருந்திய அப்பெண்டிரின் வரலாறு, இரண்டாவது வினாவையே முதன்மையாக்குகின்றது.