செயினுக்குத்தான் மெஷின்

ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய பிள்ளைப்பாக்கம் சிப்காட் பக்கம் மரம் வெட்ட கான்ட்ராக்ட் எடுப்பவர்களிடம் செயின் ரம்ப மெஷினைப் பற்றிக் கேட்டால் முதலில் சிசியைத்தான் சொல்வார்கள். 58 சிசி, 62 சிசி என்று பெட்டியிலும் அதைத்தான் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கிறது. ஆனால் மரத்தை அறுப்பது சிசி இல்லை, செயின். இஞ்சின் அதைச் சுற்றிவிடும் ஆள், அவ்வளவுதான். அந்தச் செயின் இங்கே வந்து சேர்ந்த கதை கொஞ்சம் நீளம்.

அது முதலில் அறுத்தது மரத்தையே இல்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்ற ஸ்காட்லாந்து மருத்துவர்கள் இருவர், பல் வைத்த மெல்லிய சங்கிலி ஒன்றைக் கையால் இழுத்து எலும்பு அறுத்தார்கள். பிரசவம் சிக்கலாகிக் குழந்தை வெளியே வர முடியாதபோது தாயின் இடுப்பெலும்பு இணைப்பைப் பிரிக்கவும் அது பயன்பட்டது. மயக்க மருந்து வராத காலம் அது. மேலே சொல்ல மனம் வரவில்லை.

சங்கிலிக்கு இஞ்சின் பூட்டியது ஜெர்மனி. 1926இல் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் மின்சாரத்தில் ஓடும் ரம்பத்தைச் செய்தார். அடுத்த ஆண்டே எமில் லெர்ப் பெட்ரோலில் ஓடுவதை டோல்மார் என்ற மலையில் ஓட்டிக் காட்டி, மலையின் பெயரையே மெஷினுக்கும் வைத்தார். இரண்டு பேர் தூக்கவேண்டிய கனம். ஒரே ஆள் பிடிக்கும் பெட்ரோல் ரம்பத்தை ஸ்டில் கம்பெனி 1950இல்தான் கொண்டுவந்தது. அதுவும் 16 கிலோ.

இஞ்சின் தேறியும் பல் தேறவில்லை. கைவாள் பற்களையே சங்கிலியில் கோத்திருந்ததால் அவை மரத்தைப் பிறாண்டின. கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு நெடுநேரம் அரம் தேய்க்கவேண்டும். 1946இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்ற மரவெட்டி, ஒரு கட்டைக்குள் வண்டுப் புழு குடைவதை உட்கார்ந்து பார்த்தார். இடமும் வலமும் வளைந்த தாடை. மரத்தின் நார் எந்தப் பக்கம் ஓடினாலும் அது பாட்டுக்குச் சீவிக்கொண்டு போகிறது. அதே வளைவில் இடப் பல்லும் வலப் பல்லும் மாறி மாறி வரும்படி வீட்டு அடித்தளத்தில் ஒரு செயின் செய்து, 1947இல் விற்கத் தொடங்கினார். இன்று எந்தக் கம்பெனி மெஷினை வாங்கினாலும் அதில் ஓடுவது பெரும்பாலும் அந்தப் புழுவின் தாடைதான்.

தமிழ்நாட்டில் கோடாலிக்கும் இரண்டு பேர் இழுக்கும் வாளுக்கும் பழகிய கைகளில் இந்த மெஷினைத் திணித்தது புயல்கள் என்பேன். 2011 டிசம்பரில் தானே புயல் கடலூரில் முந்திரியையும் பலாவையும் சாய்த்தது. 2016 டிசம்பர் 12இல் வர்தா சென்னைச் சாலைகளையும் வண்டலூர் பூங்காவையும் மரங்களால் மூடியது. 2018 நவம்பரில் கஜா பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகளைப் படுக்கவைத்தது. தென்னை வேறு வகைச் சோதனை: அதன் நார் செயினைச் சுழற்றும் பல்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும், கவரைக் கழற்றி எடுத்தபடியேதான் அறுக்கவேண்டும்.

பிள்ளைப்பாக்கத்தில் இந்த மெஷினுக்குப் புயல் இல்லாத நாளிலும் வேலை உண்டு. 2024 ஜனவரியில் ஃபர்ஸ்ட் சோலார் கம்பெனி சூரியத் தகடு ஆலையைத் திறந்தது இந்தத் தொழிற்பூங்காவில்தான். சுற்றுச்சூழல் அனுமதி பெறும் பெரிய ஆலைகளுக்குப் பொதுவாகப் பசுமைப் பரப்பு நிபந்தனை உண்டு. அந்த மரங்கள் வளர்ந்து மின்கம்பியைத் தொடும்போது கிளை கழிக்க ஆள் வேண்டும். அதற்கு 35 சிசியும், செயின் ஓடும் தகடான பார் 14 அங்குலமும் போதும். 62 சிசியோடு ஏணியில் ஏறுவது வீரமில்லை, முட்டாள்தனம்.

கதை மாறுவது சீமைக் கருவேலத்தில். கட்டை இரும்பு, தூரில் மண் அப்பியிருக்கும். தூரோடு ஒட்டி அறுக்கும்போது முனை ஒரு நொடி தரையைத் தொட்டால் போதும், உதவியாளின் குரல் வரும்.

"அண்ணா, மாவா பறக்குதுண்ணா."

"நிறுத்துடா தம்பி. அரத்த எடு."

உதவியாள் சொன்னதில் பாதிப் பாடம் இருக்கிறது. தூள் சீவலாக விழுந்தால் பல் கூர். மாவாகப் பறந்தால் மொக்கை. மொக்கையை அழுத்தி ஓட்டினால் பார் கருகும், இஞ்சின் சூடேறும். இந்த 58 சிசி மெஷின்களில் பெரும்பாலும் .325 அங்குல பிட்ச் செயின், அதற்கு 4.8 மி.மீ. உருண்டை அரம். பல்லின் மேல்தகட்டுக்கு 30 டிகிரி சாய்த்து, உள்ளிருந்து வெளியே மட்டும் தள்ளவேண்டும். இழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிடவேண்டும். முதல் பல்லுக்கு மூன்று இழை என்றால் கடைசிப் பல்லுக்கும் மூன்றுதான். ஒரு பக்கம் கூடிவிட்டால் வெட்டு வளைந்துபோகும். பல்லுக்கு முன்னால் உள்ள சின்னத் திமில், பல்லைவிட 0.65 மி.மீ. தாழ்ந்திருக்கவேண்டும். வேகம் வேண்டும் என்று அதை அதிகமாகத் தேய்ப்பவர்கள் கையில் மெஷின் உதறும். முகத்தை நோக்கித் துள்ளவும் செய்யும்.

செயினுக்குக் கழிவு ஆயில் ஊற்றும் பழக்கம் இங்கே அதிகம். இலவசமாகக் கிடைப்பதுதான் காரணம். அதிலிருக்கும் இரும்புத் துகள் பாரின் காடியையும் ஆயில் பம்பையும் தின்றுவிடும்; மிச்சமாவது ஒன்றுமில்லை. பெட்ரோலும் முன்போல் இல்லை. பங்கில் இப்போது கிடைப்பதில் 20 சதவீதம் எத்தனால். பல கம்பெனிகள் இந்த மெஷின்களுக்கு 10 வரைதான் ஒப்புக்கொள்கின்றன. எத்தனால் ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டர் சவ்வை விறைக்கவைக்கும். அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கலந்து, வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓட்டிவிட்டு வைத்தால் அடுத்த வாரம் கயிற்றை இழுத்துத் தோள் வலிக்காது.

வாங்கப் போகிறவர்களுக்கு: கடைக்காரரிடம் சிசியைக் கேட்காதீர்கள். பிட்ச் (கண்ணி இடைவெளி) என்ன, கேஜ் (பாரின் காடியில் ஓடும் கண்ணியின் தடிமன்) என்ன, டிரைவ் லிங்க் (அந்தக் கண்ணிகள்) எத்தனை என்று மூன்றையும் கேட்டு, அந்த அளவில் மாற்றுச் செயினும், பாரும், கார்புரேட்டர் கிட்டும் இப்போதே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரகடத்திலோ அவை கிடைக்காத மெஷின் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.